கருவிப் பெட்டகத்தின் நான்கு மூலைகள்

மரவேலை பழகுகிறவர் தனக்காகச் செய்துகொள்ளும் முதல் பெரிய பொருள் அநேகமாகக் கருவிப் பெட்டகமாகத்தான் இருக்கும். உளியும் இழைப்புளியும் ரம்பமும் ஒன்றொன்றாகச் சேர்ந்து, மேசையில் இடமில்லாமல் தரைக்கு இறங்கி, ஒன்றின் கூர் இன்னொன்றில் உரசி மழுங்கத் தொடங்கும்போது பெட்டகத்தின் தேவை தானாக வந்துவிடும். அடுத்து, அதன் மூலைகளை எப்படிச் சேர்ப்பது என்ற கேள்வி வரும். ஆணியா, திருகாணியா? பாடநூல்களில் புறாவால் மூட்டு என்றும் பட்டறைகளில் டவ்டெயில் என்றும் பெயர் பெற்ற அந்தப் பழைய இணைப்பா?

கடைசியாகச் சொன்னதைத் தேர்ந்தெடுத்தால் கேள்விகள் பெருகும். வாலை முதலில் வெட்டுவதா, முளையை முதலில் வெட்டுவதா? சரிவு எவ்வளவு? கழிவை உளியால் எடுப்பதா, கம்பி ரம்பத்தால் அறுப்பதா? ரூட்டர் வைத்திருப்பவர் கையால் ஏன் வெட்ட வேண்டும்? இவற்றைப் பற்றி அச்சில் வந்திருப்பதை எல்லாம் அடுக்கினால் பெட்டகமே நிறைந்துவிடும். படித்தும் செய்தும் நான் வந்து சேர்ந்த முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சண்டை அதிகம் நடக்கும் இடங்களில் வித்தியாசம் மிகக் குறைவு. எந்தப் பலகையில் வால் வைப்பது, முதல் பலகையின் வடிவத்தை இரண்டாவதற்கு எப்படி மாற்றுவது என்ற இரண்டு இடங்களில்தான் பெட்டகத்தின் ஆயுள் தீர்மானமாகிறது. அவற்றைப் பற்றிப் பேச்சு குறைவாக இருக்கிறது.

மூட்டின் அமைப்பு எளிது. ஒரு பலகையின் முனையில் நுனி அகன்று அடி குறுகிய வால்கள். மற்றப் பலகையின் முனையில் அந்த வால்களுக்கு இடையே புகும் முளைகள். வால் பலகையை அதன் நீளவாக்கில் எவ்வளவு இழுத்தாலும் வராது; அகன்ற நுனி முளைகளுக்கு இடையே சிக்கிக்கொள்ளும். முளைப் பலகையை அதன் நீளவாக்கில் இழுத்தால் அது வழுக்கி வெளியே வந்துவிடும். அந்தத் திசையில் பிடிப்பது பசையும் உராய்வும் மட்டுமே. ஆக, இந்த மூட்டுக்கு ஒரு திசையில் பூட்டு உண்டு, மறு திசையில் இல்லை. இனி வரும் பாதிக் கேள்விகளுக்கு இதற்குள்ளேயே விடை இருக்கிறது.

தேவையா?

பழைமையில் இதற்குக் குறை இல்லை. 1922-ல் கண்டுபிடிக்கப்பட்ட துட்டன்காமுனின் கல்லறையில் இருந்த மரப்பெட்டிகளில் இந்த மூட்டு இருக்கிறது. அவற்றுக்கு வயது மூவாயிரம் ஆண்டுக்கு மேல். ஆனால் பழைமையானது என்பதால் எல்லாக் கருவிப் பெட்டியிலும் அது இருந்தது என்று நினைத்துவிடக் கூடாது. 1936-ல் சுவீடனின் காட்லாண்ட் தீவில், சதுப்பைத் திருத்திய வயலை உழுதபோது ஓக் மரத்தாலான ஒரு கருவிப் பெட்டி அகப்பட்டது. மேஸ்டர்மியூர் பெட்டி என்று பெயர். வைக்கிங் காலத்தின் கடைசிக் கட்டத்தைச் சேர்ந்தது. தச்சு, கொல்லு வேலைக் கருவிகளும் பிற பொருட்களுமாக இருநூறுக்கு மேல் அதோடு கிடைத்தன. அதன் மூலைகளில் புறாவால் மூட்டு இல்லை. கழுந்தையும் மர முளையாணியையும் நம்பிச் செய்த பெட்டி, ஆயிரம் ஆண்டு சேற்றில் கிடந்தும் பெட்டியாகவே வெளியே வந்தது.

இதைவிட யோசிக்க வைப்பது ஜப்பான். மூட்டு வேலையில் அந்நாட்டுக் கோயில் தச்சர்களுக்கு ஈடு சொல்ல ஆளில்லை. அவர்களுடைய கருவிப் பெட்டியோ மெல்லிய பலகைகளை ஆணியடித்துச் சேர்த்தது; மூடியை உள்ளே தள்ளி ஒரு ஆப்பு வைத்தால் பூட்டிக்கொள்ளும். ஜப்பானியக் கருவிகளைப் பற்றி 1984-ல் வெளிவந்த டோஷியோ ஓடாடேயின் நூலைப் படித்தவர்களுக்கு இந்த எளிமை புதிதல்ல. வேலை நடக்கும் இடத்துக்குத் தூக்கிப் போகிற பெட்டி இலேசாக இருந்தால் போதும், உடைந்தால் அரை நாளில் இன்னொன்று செய்துகொள்ளலாம் என்பது அந்த மரபின் கணக்கு. நம் ஊர் ஆசாரிகளும் பெரும்பாலும் வேலை நடக்கும் வீட்டுக்கே கருவிகளைப் பையில் கொண்டுபோகிறவர்கள். சுவரில் தொங்கும் பெட்டகம் ஓரிடத்தில் நிலைத்த பட்டறைக்கு உரியது. அது இல்லாததை அவர்களுடைய திறமைக் குறைவாக எண்ணுவது பெரும் தவறு.

நுண்ணிய மேசைவேலையிலும் மாற்று வழிகள் இருந்திருக்கின்றன. சைபீரியாவில் பிறந்து, சுவீடனில் கார்ல் மால்ம்ஸ்டெனிடம் பயின்று, கலிஃபோர்னியாவின் ஃபோர்ட் பிராக்கில் பல ஆண்டுகள் கற்பித்த ஜேம்ஸ் கிரெனோவ் சுவர்ப் பெட்டகங்களுக்குப் பேர்போனவர். 1976-ல் வந்த அவருடைய முதல் நூல் ஒரு தலைமுறையையே மரவேலைக்கு இழுத்தது. அவருடைய பெட்டகங்கள் பலவற்றின் மூலைகளில் இருப்பவை உருளை முளைகள், அதாவது டவல்கள். பார்வைக்கு மூட்டே தெரியாது. அவை இன்னும் நிற்கின்றன.

அப்படியிருக்க, இங்கிலாந்தும் அமெரிக்காவும் கருவிப் பெட்டிக்குப் புறாவால் மூட்டையே ஏன் கெட்டியாகப் பிடித்துக்கொண்டன? அங்கே தச்சனின் பெட்டி வண்டியிலும் கப்பலிலும் ஏறி இறங்கியது. நூறு கிலோவைத் தாண்டக்கூடிய சுமை. அன்றைய பசை வச்சிரம். ஈரம் பட்டால் இளகும். பசை விட்டாலும் பெட்டி நிற்க வேண்டுமென்றால் மரமே மரத்தைப் பிடித்தாக வேண்டும். கென்ட் மாவட்டத்தில் பெஞ்சமின் சீட்டன் என்ற இளைஞருக்கு, 1796 டிசம்பரில் அவருடைய தகப்பனார் லண்டனின் கேப்ரியல் கடையிலிருந்து ஒரு முழுத் தொகுதிக் கருவிகளை வாங்கிக் கொடுத்தார். சில மாதங்களுக்குள், 1797 வசந்தத்தில், சீட்டன் அவற்றுக்கான பெட்டியைச் செய்து முடித்தார். வெளியே சாதாரண பைன் பலகை. உள்ளே மகோகனி முகம் வைத்த சிறு இழுப்பறைகள். பெட்டியும் கருவிகளும் அவர் கைப்பட எழுதிய பட்டியலும் ரோச்செஸ்டரின் கில்டுஹால் அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கின்றன. அதில் உள்ள ஷெஃபீல்டு கென்யன் ரம்பங்களைப் பார்த்துத்தான் இன்றைய ரம்பம் செய்வோர் பழைய பல்லமைப்பைக் கற்றுக்கொண்டார்கள்.

இன்று பசை மாறிவிட்டது. ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசை, நார் நீளும் பக்கங்கள் இரண்டைச் சேர்த்தால் மரத்தைவிட உறுதியாகப் பிடிக்கும். பிளைவுட்டைத் திருகாணி போட்டுச் சேர்த்த பெட்டகம் உங்கள் காலத்துக்குத் தாங்கும். நேரான பற்களாக வெட்டும் விரல் மூட்டிலும் பசை பிடிக்கும் பரப்பு ஏராளம். ஆகவே புறாவால் மூட்டு இல்லாவிட்டால் பெட்டகம் விழுந்துவிடும் என்று சொல்வது உண்மையாகாது. முழு மரப் பலகையில் செய்கிறவருக்கு அது தருவது வேறு. பசை காய்வதற்கு முன்பே பெட்டி சதுரமாக நின்றுவிடும். துருப்பிடிக்கும் இரும்பு மூலையில் இருக்காது. அடுத்து செய்யப்போகும் எல்லா மேசை நாற்காலிக்கும் கை பழகிவிடும். இந்த மூன்றும் எனக்குப் போதுமானவை.

எடை எந்தப் பக்கம் இழுக்கிறது?

சுவரில் தொங்கும் பெட்டகத்தை எடுத்துக்கொள்வோம். நடுத்தர இரும்பு இழைப்புளி ஒன்று இரண்டு கிலோவுக்கு மேல்; நீள இழைப்புளி மூன்றரை கிலோவைத் தொடும். அவற்றோடு உளிகள், ரம்பங்கள், அரங்கள், கொட்டாப்புளிகள். நாற்பது ஐம்பது கிலோ சேர்வதற்கு அதிக நாள் ஆகாது. அவ்வளவும் அடிப்பலகையைக் கீழே தள்ளிக்கொண்டே இருக்கும். இரவும் பகலும் ஓயாத இழுப்பு அது.

அடிப்பலகை கீழே போவது என்றால் பக்கப் பலகையின் நீளவாக்கில் விலகுவது. ஆகவே பூட்டு அந்தத் திசையில் இருக்க வேண்டும்: வால்கள் பக்கப் பலகைகளில், முளைகள் மேற்பலகையிலும் அடிப்பலகையிலும். இப்படிச் செய்த பெட்டகத்தில் பசை முழுவதும் உதிர்ந்தாலும் அடிப்பலகை கீழே இறங்க வழியில்லை. மாற்றிச் செய்தால் அடிப்பலகை முழுக்க முழுக்கப் பசையின் தயவில் தொங்கும். அழகாக வெட்டிய மூட்டுகளோடு, முன்னால் நின்று பார்க்கும்போது வால் தெரியவில்லையே என்பதற்காகத் திசையை மாற்றிவைத்த பெட்டகங்களைப் பார்த்திருக்கிறேன். கண்ணுக்கு எப்படித் தெரிகிறது என்பதை எடைக்குப் பிறகுதான் கேட்க வேண்டும்.

தரையில் நிற்கும் ஆங்கிலப் பெட்டிக்குக் கணக்கு வேறு. அதன் கைப்பிடிகள் இரண்டு குறுகிய முனைகளிலும் இருக்கும். இரண்டு பேர் தூக்கும்போது முனைப் பலகைகள் வெளியே இழுபடும். ஆகவே வால்கள் நீளமான முன், பின் பலகைகளில் வரும். இழுப்பறைக்கு விடை இன்னும் தெளிவு. கை முகப்பை முன்னால் இழுக்கிறது. அதனால் வால் பக்கப் பலகையில். மூன்றுக்கும் ஒரே விதிதான். இழுப்பு எந்தத் திசையோ அந்தத் திசையில் நீளும் பலகையில் வால்.

பெட்டகத்தின் பின்பலகை இன்னொரு இடம். அதை உள்ளே செருகக் காடி வெட்டுவோம். அந்தக் காடி எந்த இடத்தில் முனையை அடைகிறது என்பதை வால்களைப் பிரிப்பதற்கு முன்பே தீர்மானித்துவிட வேண்டும். காடி ஒரு வாலின் நேராக வரட்டும். அப்போது மேல், அடிப் பலகைகளில் அதை முழு நீளமும் ஓட்டலாம். வெளிவரும் வாயை வால் மூடிவிடும். பக்கப் பலகைகளில் மட்டும் முனைக்கு முன்பே நிறுத்திவிட வேண்டும். அங்கேயும் ஓட்டிவிட்டால் பெட்டகத்தின் தலையில் ஒரு சதுர ஓட்டை நிரந்தரமாகப் பார்த்துக்கொண்டிருக்கும். இதைச் சில நூல்கள் ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. முடித்த பெட்டகங்களில் மரத்துண்டு வைத்து அடைத்த ஓட்டைகள் ஏராளமாக இருப்பதற்கு அதுவே காரணம்.

மரத்தைப் பற்றியும் இங்கே சொல்லிவிடலாம். நான்கு பலகைகளிலும் நார் ஓட்டம் பெட்டியைச் சுற்றி ஒரே போக்கில் வருவதால், மழைக்காலத்தில் விரிந்தாலும் கோடையில் சுருங்கினாலும் நான்கும் சேர்ந்தே அசையும், மூட்டு திறக்காது. தேக்கு இதற்கு நல்ல மரம். பச்சை மரம் முழுக்கக் காயும்போதுகூட ஆண்டு வளையத்தின் போக்கில் 5.8 சதவீதமும் அதற்குக் குறுக்கே 2.5 சதவீதமுமே சுருங்கும். ஆனால் அதில் மணல் போன்ற சிலிக்கா உண்டு. உளியின் கூரை விரைவில் தின்னும். எண்ணெயும் உண்டு, பசை பூசுவதற்குச் சற்று முன் தின்னரால் துடைக்க வேண்டும். முதல்முறை செய்கிறவர் தேக்கில் தொடங்க வேண்டியதில்லை. பாக்கிங் பெட்டிகளைப் பிரித்த பைன் பலகை நம் ஊரில் மலிவாகக் கிடைக்கிறது. அது கொஞ்சம் நசுங்கிக் கொடுக்கும். பிழையைப் பொறுத்துக்கொள்ளும்.

முக்கால் மில்லிமீட்டர் சண்டை

சரிவைப் பற்றிப் பள்ளிப் பாடம் இப்படிச் சொல்லும்: மென்மரத்துக்கு ஆறுக்கு ஒன்று, கடுமரத்துக்கு எட்டுக்கு ஒன்று. பாகையில் ஏறத்தாழ 9½, 7. இதை மீறினால் மூட்டே கெட்டது என்பதுபோல் பேசுவார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 18 மில்லிமீட்டர் தடிமனுள்ள பலகையில் ஆறுக்கு ஒன்று என்றால் வாலின் பக்கம் 3 மில்லிமீட்டர் சாயும். எட்டுக்கு ஒன்று என்றால் 2¼ மில்லிமீட்டர். இத்தனை விவாதமும் முக்கால் மில்லிமீட்டருக்கு! பழைய மேசைகளின் இழுப்பறையைத் திறந்து பார்த்தால் இரண்டுக்கும் உட்படாத சரிவுகள் எத்தனையோ தென்படும். ஒரே இழுப்பறையில் பக்கத்துப் பக்கத்து வால்களே ஒத்துப்போகாமல் இருக்கும். அவையும் இருநூறு ஆண்டு உழைத்திருக்கின்றன.

எல்லைகள் இரண்டுதான். சரிவு மிக அதிகமானால் வாலின் நுனிக்கோணத்தில் நார் குட்டையாகி, பொருத்தும்போதே உடைந்து விழும். மிகக் குறைந்தால் பூட்டு போய் விரல் மூட்டாகிவிடும். இந்த இரண்டுக்கும் நடுவே உங்கள் கண்ணுக்குப் பிடித்ததைப் போடுங்கள். நான் ஏழுக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டு, எந்த மரத்துக்கும் அதை மாற்றுவதில்லை.

வால் முதலா, முளை முதலா என்பதும் இதே ரகம்தான். டென்மார்க்கில் பிறந்து அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் வடிவமைப்புப் பள்ளியில் கற்பித்த டாகே ஃப்ரிட் முளைக்கட்சி. ஹங்கேரியில் தொழில் கற்று நியூ ஜெர்சியில் பட்டறை வைத்த ஃபிராங்க் கிளாஸும் அப்படியே. அவர் அளவுகோல்கூட இல்லாமல் கண் மதிப்பில் முளைகளை அறுத்துத் தள்ளுவதைப் படத்தில் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். ஆங்கிலேயர்களான இயன் கிர்பியும் பால் செல்லர்ஸும் வால்கட்சி. ஐரோப்பியக் கண்டத்துப் பட்டறைகளில் முளை முதலில் வந்ததும் ஆங்கிலப் பட்டறைகளில் வால் முதலில் வந்ததும் குருவழியாகத் தொடர்ந்த பழக்கம்.

பெட்டகத்துக்கு எது நல்லது என்று கேட்டால் நான் வாலைச் சொல்வேன். இடப் பலகையையும் வலப் பலகையையும் சேர்த்து வைஸில் பிடித்து ஒரே அறுப்பில் இரண்டுக்கும் வால் போட்டுவிடலாம். வேலை பாதியாகும், இரண்டும் ஒன்றுபோல் இருக்கும். பதினெட்டாம் நூற்றாண்டு லண்டன் இழுப்பறைகளில் இருப்பதுபோல் முளையின் குறுகிய முனை ரம்பத் தடத்தின் அகலமே இருக்க வேண்டுமென்றால் கத்தி உள்ளே நுழையாது. அப்போது கழிவை எடுக்கும் முன்பே வால் பலகையை முளைப் பலகையின் மேல் வைத்து, அதே தடத்தில் ரம்பத்தைப் பின்னுக்கு இழுத்துக் குறி போட்டுக்கொள்ளலாம். முளைகள் அகலமாக இருந்தால் முளைக்கட்சியின் வழியும் சுகமானதே. எதில் பழகினீர்களோ அதிலேயே இருங்கள். கட்சி மாறுவதில் லாபம் இல்லை.

குறி மாறும் இடம்

இனி, மூட்டு நிற்பதும் கெடுவதும் எங்கே என்று பார்க்கலாம். வாலை முதலில் வெட்டுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாலின் சரிவு ஒரு பாகை தப்பினாலும் பாதகமில்லை. ஒரு வால் தடித்து இன்னொன்று மெலிந்திருந்தாலும் பாதகமில்லை. முளைகள் அந்த வால்களைப் பார்த்தே குறிக்கப்படுவதால் தப்பும் சேர்ந்தே நகலாகிப் பொருந்திக்கொள்ளும். மன்னிப்பு இல்லாதது ஒன்று உண்டு: அறுப்பு பலகையின் முனையில் குறுக்காகச் செங்குத்தாகப் போக வேண்டும். முன்பக்கம் ஓர் அகலம் பின்பக்கம் ஓர் அகலம் என்று ஆகிவிட்டால், எந்தப் பக்கத்தைப் பார்த்துக் குறித்தாலும் மறுபக்கம் பொய் சொல்லும்.

குறி மாற்றுவதைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். முளைப் பலகை வைஸில் நிமிர்ந்து நிற்கிறது. அதன் முனை, படுக்க வைத்த ஓர் இழைப்புளியின் உயரத்துக்குச் சரியாக இருக்கிறது. வால் பலகையின் ஒரு முனை இழைப்புளியின் மேலும் மறுமுனை முளைப் பலகையின் மேலும் படுத்திருக்கிறது. வாலின் அடிக்கோடு, அதாவது வால் தொடங்கும் இடத்தில் போட்ட குறி, முளைப் பலகையின் உள்முகத்தோடு இம்மியும் விலகாமல் ஒட்டி நிற்க வேண்டும். இதைக் கண்ணால் பிடிப்பது கடினம். ராப் காஸ்மன் போன்ற ஆசிரியர்கள் பரப்பிய ஒரு வழி இங்கே கைகொடுக்கும்: வால்களின் உள்முகத்தில், அடிக்கோடு வரை அரை மில்லிமீட்டர் ஆழத்துக்கு ஒரு படி இழைத்துவிடுவது. அதற்கு அவர்கள் ஸ்டான்லி 140 என்ற பக்கவாட்டுச் சிறு இழைப்புளியை எடுப்பார்கள். அந்தப் படி முளைப் பலகையின் உள்முகத்தில் போய் முட்டி நின்றுவிடும். விரலால் அழுத்தினாலே இடம் தெரியும், கண் தேவையில்லை.

பிறகு கத்தி. ஒரு பக்கம் தட்டையான குறிக்கும் கத்தியின் தட்டைப் பக்கம் வாலின் சுவரை அணைத்துப் போகட்டும். முதல் இழுப்பு மரத்தின் மேல் தடவுவதுபோல் இலேசாக. இரண்டாவது சற்று அழுத்தி. முதலிலேயே அழுத்தினால், பைனில் கடினமும் மென்மையுமாக மாறி மாறி வரும் ஆண்டு வளையங்கள் கத்தியைத் தள்ளிவிடும். தேக்கும் ஈட்டியும் கறுத்த மரங்கள். முனையில் கத்திக் கோடு தெரியாது. குறிப்பதற்கு முன் மாஸ்கிங் டேப்பை முனையில் ஒட்டிக்கொண்டு, கத்தியால் கீறியபின் கழிவுப் பக்கத்து டேப்பை உரித்துவிட்டால், அறுக்க வேண்டிய எல்லை பளிச்சென்று நிற்கும். கழிவுப் பகுதியில் உடனே பென்சிலால் பெருக்கல் குறி போட்டுவிடுங்கள். தவறான பக்கத்தை அறுத்துவிட்டுப் புதுப் பலகை தேடாத தச்சர் எந்த நாட்டிலும் இல்லை.

முளையை அறுக்கும்போது ரம்பம் கோட்டைத் தொட்டுக்கொண்டு, ஆனால் முழுவதும் கழிவுப் பக்கத்தில் போக வேண்டும். கோடு மரத்தில் மிஞ்சியிருந்தால் மூட்டு இறுக்கம். கோட்டைத் தின்றுவிட்டால் தொளதொளப்பு. இந்த ஒரு ரம்பத் தடத்தின் பாதி அகலத்தில்தான் கைத்திறன் என்று சொல்வதெல்லாம் அடங்கியிருக்கிறது. ரம்பத்தில் அங்குலத்துக்கு 15 முதல் 20 பல், நார் நீளத்தில் அறுக்கும்படி தீட்டிய பல், மெல்லிய தகடு வேண்டும். 1990-களில் அமெரிக்காவில் இன்டிபென்டன்ஸ் டூல் என்ற சிறு நிறுவனம் பழைய முறையில் இப்படிப்பட்ட ரம்பத்தைத் திரும்பக் கொண்டுவந்தது. 1998-ல் லீ-நீல்சன் என்ற கருவி நிறுவனம் அதை வாங்கியபின் நல்ல ரம்பம் கடையில் கிடைக்கும் பொருளாயிற்று. அந்த விலை கொடுக்க முடியாதவர்கள் நம் ஹார்டுவேர் கடையின் சிறு டெனான் ரம்பத்தை வாங்கி, மெல்லிய முக்கோண அரத்தால் பல்லை நேராகத் தீட்டி, பல் விரிப்பை எண்ணெய்க் கல்லில் இருபக்கமும் ஓரிரு முறை இழுத்துக் குறைத்தால் போதும். வேலை செய்யும்.

கழிவை எடுப்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. கம்பி ரம்பத்தால் பெரும்பகுதியை அறுத்தெடுத்துவிட்டு மிச்சத்தை உளியால் சீவுவது வேகம். ஆனால் கை ஒருமுறை நழுவினால் அடிக்கோடு போய்விடும். முழுவதும் உளியால் வெட்டுவது மெதுவானாலும் புதியவருக்கு அதுவே பத்திரம். ஒரு எச்சரிக்கை: உளியின் ஒரு பக்கம் சரிவானது, கொட்டாப்புளியால் அடித்ததும் அது தன்னைத் தானே அடிக்கோட்டுக்குப் பின்னால் தள்ளிக்கொள்ளும். முதல் வெட்டைக் கோட்டிலிருந்து ஒரு மில்லிமீட்டர் தள்ளிப் போட்டு, பாதி ஆழம் போனபின் பலகையைத் திருப்பி மறுபக்கமிருந்து வெட்டி, கடைசியில்தான் கோட்டில் உளியை வைக்க வேண்டும். நடுவில் அரை மயிரளவு உட்குழிவாக இருந்தால் நல்லது. புடைத்திருந்தால் மூட்டு மூடாது.

பசையில்லாமல் ஒத்திகை பார்ப்பதில் ஒரு அளவு வேண்டும். பாதி ஆழம் வரை தட்டிப் பார்த்து, இறுகும் இடத்தைச் சீவிவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். முழுக்க இறக்கிக் கழற்றிக் கழற்றிப் பார்த்தால் ஒவ்வொரு முறையும் நார் நசுங்கி, பசை பூசும் நாளில் மூட்டு தளர்ந்திருக்கும்.

இயந்திரம்

கையால் வெட்டுவதன் சிரமம் புதிய கண்டுபிடிப்பல்ல. விஸ்கான்சின் மாநிலத்து சார்லஸ் நாப் 1867-ல் இழுப்பறை மூட்டை வெட்டும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். அது வெட்டியது வால் வடிவமே அல்ல. அரைவட்டங்களும் நடுவே உருளை முளைகளும். 1870-களிலிருந்து ஏறத்தாழ 1900 வரை அமெரிக்க மேசைகளில் அது பரவலாக வந்தது. இன்று பழம்பொருள் வியாபாரிகள் ஒரு மேசையின் காலத்தைச் சொல்ல அந்த மூட்டைத்தான் பார்க்கிறார்கள். அது மறைந்ததற்குக் காரணம் பலக்குறைவு அல்ல. பழைய புறாவால் வடிவத்தையே வெட்டும் இயந்திரங்கள் வந்துவிட்டன; வாங்குகிறவர்களுக்கும் அந்தப் பழைய தோற்றமே பிடித்திருந்தது.

இன்றைய ரூட்டரும், கனடாவின் லீ போன்ற ஜிக்குகளும் அந்தப் பாதையின் தொடர்ச்சி. பத்து இழுப்பறை உள்ள பெட்டகம் என்றால் நாற்பது மூலை. பிழைப்புக்காகச் செய்கிறவர் அதை இயந்திரத்தில் வெட்டுவதில் எந்தக் குறையும் இல்லை. ரூட்டர் பிட்டின் கழுத்துக்கு ஒரு குறைந்தபட்சத் தடிமன் வேண்டும் என்பதால் ஊசி மெலிவான முளைகள் மட்டும் அதற்கு வராது. ஆனால் தனக்கென்று ஒரே ஒரு பெட்டகம் செய்கிறவர் ஜிக்கைச் சரிப்படுத்தும் நேரத்தில் நான்கு மூலையையும் கையால் முடித்துவிடுவார். எம்.டி.எஃப்., பிளைவுட் ஆகியவற்றுக்கு எந்த வழியிலும் இந்த மூட்டு வேண்டாம். அடுக்குகள் பிய்ந்து வரும், பலமும் இல்லை.

எதில் தொடங்குவது?

லண்டனில் 1839-ல் ஆசிரியர் பெயர் இல்லாமல் வெளிவந்த ஒரு தொழில் நூலில் தாமஸ் என்ற பயிற்சிப் பையன் வருகிறான். முதலில் ஆணியடித்த பார்சல் பெட்டி செய்கிறான். அடுத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போகும் ஒரு சிறுவனுக்குப் புறாவால் மூட்டில் ஒரு பெட்டி. மூன்றாவதாகத்தான் இழுப்பறை அலமாரி. இந்த வரிசையைவிடச் சிறந்த பாடத்திட்டத்தை நான் கண்டதில்லை. பெட்டகத்துக்கு அதை அப்படியே பொருத்தலாம்: முதலில் உள்ளே மறைந்திருக்கும் சிறு தட்டுகள், பிறகு வெளிக்கூடு, கடைசியில் முகப்பிலிருந்து மூட்டு தெரியாத இழுப்பறைகள். அந்த மறைமூட்டில் முகப்புப் பலகையின் 4, 5 மில்லிமீட்டரை முன்னால் விட்டுவிட்டு உள்ளே குடைய வேண்டும். ரம்பம் முழுக்கப் போகாது, மூலைகளை உளியே தோண்ட வேண்டும். முப்பது நாற்பது வால்கள் வெட்டிய கைக்கே அது வசப்படும்.

உள்ளமைப்பில் உலகத்துக்கே உதாரணமாக நிற்பது மாசசூசெட்ஸின் குவின்சி நகரத்து பியானோத் தொழிலாளி ஹென்றி ஸ்டட்லி (1838–1925) செய்த சுவர்ப் பெட்டகம். மூடியிருக்கும்போது ஏறக்குறைய 39 அங்குல உயரம், 19½ அங்குல அகலம். அதற்குள் முந்நூறு கருவிகள் அளவில்! மகோகனி, ஈட்டி, கருங்காலி, முத்துச்சிப்பி கொண்டு ஒவ்வொரு கருவிக்கும் அளவெடுத்துச் செய்த இருக்கை. ஒரு தட்டு திறந்தால் பின்னால் இன்னொரு தட்டு. பார்க்கிற ஒவ்வொருவருக்கும் அப்படி ஒன்று செய்ய ஆசை வரும். ஆனால் ஸ்டட்லியின் கருவித் தொகுதி முழுமை பெற்ற ஒன்று. தொடங்குகிறவரின் தொகுதி ஆண்டுக்கு ஆண்டு மாறும்.

அதனால் வெளிக்கூட்டை மட்டும் நிரந்தரமாகச் செய்யுங்கள்: முழு மரம், பக்கப் பலகையில் வால், ஏழுக்கு ஒன்று சரிவு, கத்தியால் மாற்றிய குறி. உள்ளே உளி வைக்கும் சட்டத்தையும் ரம்பம் தொங்கும் கொக்கியையும் பசை போட்டு ஒட்டிவிடாதீர்கள். திருகாணியில் நிறுத்துங்கள், அடுத்த ஆண்டு இடம் மாற்ற வேண்டிவரும்.